கரையோரக் கேள்விகள்: கடல் விலாங்கு

போன இதழில் மீன்குழம்பு பற்றிய பதில் ஒன்றில், கடல் விலாங்கையும் வாங்கிச் சமைக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. எனக்கு மகிழ்ச்சிதான். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்தே நான் விரும்பிப் பார்க்கும் மீன் இது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் சுற்றிக் கூட்டம் நிற்கும்; விலாங்கு ஓரமாகக் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் மனது கேட்காது.

கே: ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு’ என்கிறார்கள். வலையில் கடல் பாம்பும் வருகிறது, விலாங்கும் வருகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
*தேவனாம்பட்டினம் வாசகர்*

விலாங்கு மீன்தான், தம்பி. தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் செவுள் துளை இருக்கும். அதை ஒட்டிச் சின்னதாக ஒரு துடுப்பு இருக்கும். முதுகில் தொடங்கும் துடுப்பு வால் நுனியைச் சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வரை ஒரே நாடாவாக ஓடும். தோலில் செதில் இருக்காது, வழவழவென்று கோழை இருக்கும். கடல் பாம்புக்குத் துடுப்பும் கிடையாது, செவுளும் கிடையாது. உடம்பு முழுக்கச் செதில், வால் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும்.

இருட்டில் வலையைப் பிரிக்கும்போது சந்தேகம் வந்தால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு கம்பால் தள்ளிவிடுங்கள். கடல் பாம்பு கடித்த இடம் சில நேரம் வலிக்கவே வலிக்காது. வலி இல்லையே என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விலாங்குக் கடியில் விஷம் இல்லை. ஆனால் பல் ஆழமாக இறங்கும், படகில் ஏற்றிய பிறகும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். தலைப் பக்கம் கை வைக்காதீர்கள்.

பாறை இடுக்கில் கிடைக்கும் அஞ்சாளைக்குச் செவுளை ஒட்டிய அந்தப் பக்கத் துடுப்பு இருக்காது. அது வேறு குடும்பம். பவளப்பாறைப் பகுதிகளில் வளரும் பெரிய அஞ்சாளைகளின் சதையில், சமைத்தாலும் போகாத நஞ்சு சேர்ந்திருப்பது உண்டு. நான் சமைக்கச் சொன்னது அதை அல்ல.

கே: கரைவலையில் கண்ணாடிக் காகிதம் போல ஒரு மீன் வந்தது. விரல் நீளம்தான். உடம்புக்குள் ஒன்றுமே இல்லை, அந்தப் பக்கம் இருப்பது தெரிகிறது. கண் மட்டும் கறுப்புப் புள்ளி. இது என்ன மீன்?
*தாழங்குடா வாசகி*

அம்மா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் விலாங்கின் இளம்பருவம்!

முட்டையிலிருந்து வரும் விலாங்கு, விலாங்கு மாதிரியே இருக்காது. இலை வடிவத்தில் தட்டையாக, தலை மிகச் சிறியதாக இருக்கும். உடம்புக்குள் பெரும்பகுதி ஒருவிதக் கூழ்தான். இரத்தத்தில் சிவப்பணுவும் இல்லை. அதனால்தான் ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போகிறது. மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். அப்புறம் உருமாறும்போது நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு: வளர்வதற்குப் பதிலாக உடம்பு நீளத்தில் குறைந்து, உருண்டு, குட்டி விலாங்காகிறது. இப்படிச் சிறுத்துப்போகும் ஒரு பிராணியைப் பார்த்து, இதுவும் அதுவும் ஒன்று என்று யார் நம்புவார்கள்?

ஐரோப்பியர்களும் நம்பவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் பக்கம் வில்லியம் மோரிஸ் என்பவருக்கு இப்படி ஒன்று கிடைத்தது. அதைத் தனி மீன் இனம் என்று எடுத்துக்கொண்டு, ‘லெப்டோசெபாலஸ் மோரிசி’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் புத்தகங்களில் அது தனி மீனாகவே இருந்தது. 1864இல் அமெரிக்கரான தியோடர் கில், இது காங்கர் என்ற ஐரோப்பியக் கடல் விலாங்கின் இளம்பருவமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். 1886இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் கடல் ஆய்வகத்தில் ஈவ் தெலாஜ் அதை உயிரோடு தொட்டியில் வைத்து, காங்கராக மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வால் இரண்டாகப் பிரிந்திருந்தால் அது விலாங்கின் குஞ்சு இல்லை. இதே மாதிரி கண்ணாடிப் பருவம் வேறு சில மீன்களுக்கும் உண்டு. அடுத்த முறை கிடைத்தால் ஒரு பாட்டில் கடல்நீரில் போட்டு, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் காட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரம்தான்.

கே: என் மகள் பள்ளி ரெக்கார்டு நோட்டில் விலாங்கு வரைய வேண்டும். எந்தப் படத்தைப் பார்த்து வரையலாம்?
*முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி*

மீனைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். காலையில் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்று வாங்கி, வீட்டில் ஈரத்துணி மேல் நீட்டி வையுங்கள். நிறம் வெளுக்கும் முன் பென்சில் எடுக்க வேண்டும்.

பழைய படங்களில் அடிக்கடி வரும் ஒரு கோளாறைச் சொல்கிறேன். நீளமான மீன், பக்கமோ சின்னது. அதனால் பக்கவாட்டுத் தோற்றத்தில் மேலும் கீழுமாக வளைத்து வரைந்து இடத்துக்குள் அடக்கிவிடுவார்கள். விலாங்கு நீந்தும்போது அப்படி வளைவதில்லை. இடமும் வலமுமாகத்தான் நெளியும். பக்கத்திலிருந்து பார்க்கும் படமென்றால் உடம்பு நேராக இருக்கட்டும். தாடை, பல், முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் மூன்றையும் தலைக்கு மட்டும் தனிப் படம் போட்டுப் பெரிதாகக் காட்டலாம். நம் கடலில் அதிகம் கிடைக்கும் விலாங்கின் வாயைத் திறந்தால் மேலண்ணத்தின் நடுவில் பெரிய பற்கள் ஒரு வரிசை நிற்கும். அதை விட்டுவிட்டால் படம் முழுமை ஆகாது.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களின் படங்களும் விவரங்களும் 1803இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தன. நம் சோழமண்டலக் கரையின் மீன்கள்! அதில் ஒரு விலாங்கு இருக்கிறது. பாரிஸில் இருந்த விலங்கியல் அறிஞர் குவியே 1829இல் அந்தப் படத்தையும் விவரத்தையும் ஆதாரமாகக் கொண்டே அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதில் ‘டாலபான்’ என்ற இனப் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. ரஸ்ஸலுக்கு மீன்களை வரைந்து கொடுத்தவர் இந்திய ஓவியர். நூலின் முகப்பில் இருப்பது ரஸ்ஸலின் பெயர்தான். வரைந்த கையின் பெயரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கே: பிரான்ஸில் இருக்கும் என் அத்தை, பிரெத்தாஞ் மார்க்கெட்டில் ‘கோங்க்ர்’ என்று ஆள் உயர விலாங்கு விற்கிறது என்கிறார். நம் கடலில் உள்ளதும் அதுவும் ஒன்றா?
*வைத்திக்குப்பம் வாசகி*

இல்லை, உறவுதான். அது மேலே சொன்ன காங்கர், அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் இருப்பது. பாறைப் பொந்திலும் மூழ்கிய கப்பலிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் வேட்டையாடும். 60 கிலோ வரை தூண்டிலில் பிடித்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரே முறைதான் முட்டையிடும். அதற்கு முன் தீனியை நிறுத்திவிடும், பல் உதிர்ந்துவிடும், முட்டையிட்டதும் இறந்துவிடும். நம்முடையது சேற்றுத் தரையில் வாழ்வது, விசைப்படகின் இழுவலையில் வருவது. முகமும் நீளம், பல்லும் பெரிது. உங்கள் அத்தை அங்கே சூப் வைத்தால் வால் பகுதியை அதற்கு எடுத்துக்கொள்ளட்டும். முள் அதிகம், சாறு நன்றாக இறங்கும்.

கே: முள்ளுக்குப் பயந்தே வாங்குவதில்லை. எப்படிச் சமைப்பது?
*திருப்பாதிரிப்புலியூர் வாசகி*

முள் உண்மைதான். சதைக்குள்ளேயே மெல்லிய முட்கள் ஓடும். ஜப்பானில் இதே வகை விலாங்கை ‘ஹாமோ’ என்பார்கள். கியோத்தோவில் ஜூலை மாத கியோன் திருவிழா நேரத்து உணவு. அவர்கள் முள்ளை எடுப்பதில்லை. தோல் கீழே இருக்கும்படி சதையை விரித்து, 3 செ.மீ. நீளத்துக்குள் 24 வெட்டு என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமாக, தோல் அறுபடாமல் கத்தி போடுவார்கள். முள் துண்டுதுண்டாகி வாயில் தெரியாது.

நமக்கு அவ்வளவு கை வராது, வேண்டியதும் இல்லை. மீன் வெட்டும் அம்மாவிடம் நடுத்துண்டை வறுவலுக்கு முதுகெலும்பு எடுத்து விரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் நல்ல கூர்மையான கத்தியால் முடிந்த அளவு நெருக்கமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வையுங்கள். மொறுமொறுவென்று பொரியும்போது மெல்லிய முள்ளும் நொறுங்கிவிடும்.

கோழை போக, கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். அவசரப்பட்டால் குழம்பில் கவுச்சி நிற்கும்.

குழம்புக்குத் தோலோடு வட்டத் துண்டு. மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், நிறைய சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளிக்கரைசல், வீட்டு மிளகாய்த்தூள். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு, சிறுதீயில் பத்து நிமிடம். கரண்டி போட வேண்டாம், சட்டியை ஆட்டினால் போதும். தேங்காய் அரைத்து விடாதீர்கள். இந்த மீனின் கொழுப்பே குழம்பைத் திக்காக்கும். இறக்கும்போது மிளகு தட்டிப் போடுங்கள். குழந்தைகளுக்கு முதுகுப் பக்கத்துச் சதையைக் கையால் உதிர்த்து, முள் பார்த்துக் கொடுங்கள்.

கே: விலாங்கு வெட்டும்போது இரத்தம் கண்ணில் தெறித்து எரிந்தது. விஷமா?
*ராசாப்பேட்டை வாசகி*

விலாங்கு இனங்களின் பச்சை இரத்தத்தில் நச்சுப் புரதம் உண்டு. இத்தாலியரான ஆஞ்சலோ மோஸ்ஸோ 1880களிலேயே இதைக் காட்டினார். சூட்டில் அது அழிந்துவிடும், ஆகவே நன்றாக வெந்த மீனைத் தின்னப் பயம் வேண்டாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கிற நாளில் இந்த மீனை வேறொருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.