மருந்தை நிறுத்துங்கள், குஞ்சின் காலைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: மூன்று நாள் முன்பு ஆறு கோழிக்குஞ்சுகள் வாங்கினோம். ஒன்று மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையிலேயே தூங்கி வழிகிறது. தீவனம் தொடுவதில்லை. பின்புறம் எச்சம் ஒட்டியிருக்கிறது. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ? குழந்தைகள் தூக்கி விளையாடினார்கள். வீட்டிலிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தண்ணீரை இப்போதே கொட்டிவிடுங்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சின் எடையே சுமார் 40 கிராம்தான். மனிதர் மாத்திரையில் ஒரு சிட்டிகை அதற்கு எத்தனை மடங்கு என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

பறவைக் காய்ச்சல் என்று இப்போதே பயப்படாதீர்கள். அது புகுந்தால் பெரும்பாலும் கூண்டோடு விழும். ஒன்று சோர்ந்திருக்க, மற்ற ஐந்தும் ஓடியாடிக்கொண்டிருப்பது அரிது. குழந்தைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குஞ்சை முத்தமிடக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நலமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். குஞ்சின் கால் எப்படி இருக்கிறது? உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அதுதான் அவசரம்; மற்றதெல்லாம் பிறகு. முதல் சில வாரங்களுக்குக் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோன குஞ்சுக்குக் குடல் அசையாது. அந்த நேரத்தில் தீவனம் திணித்தால் கழுத்தடிப் பையிலேயே தேங்கிப் புளிக்கும். அதனால் முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கடைசியில்தான் தீவனம்.

சிறிய அட்டைப்பெட்டியில் சொரசொரப்பான துணி விரியுங்கள். செய்தித்தாள் வழுக்கும், கால் அகன்றுவிடும். ஒரு மூலைக்கு மேல் 60 வாட் பழைய இழை பல்பைத் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், அதை நம்பிக் குஞ்சைக் குளிரில் விடுபவர்கள் நிறைய. குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். எதிர்மூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ளும்.

கால் வெதுவெதுப்பானதும் 200 மில்லி வெந்நீரை ஆறவைத்து ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரையுங்கள். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நோயால் சாகாத குஞ்சு அதில் செத்துப்போகும். கால் மணிக்கொருமுறை சில சொட்டுகள் போதும். தானாகக் குடிக்கத் தொடங்கினால் வெறும் தண்ணீருக்கு மாறி, நனைத்த ஸ்டார்ட்டர் (இளங்குஞ்சுகளுக்கான) தீவனம் கொஞ்சம் வையுங்கள். பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். உங்கள் குஞ்சுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது, ஆகவே இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஒட்டிய எச்சத்தைப் பிய்க்கக் கூடாது, தோல் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் ஒற்றி, இளகியதும் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள். அடிவயிற்றில் காய்ந்த பொருக்கு இருந்தால் அது தொப்புள், அதைத் தொடாதீர்கள். எச்சம் வரும் துவாரம் முழுதும் அடைத்துக்கொண்டால் குஞ்சு பிழைக்காது, எனவே காலை மாலை பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற குஞ்சுகள் அந்த இடத்தைக் கொத்தும். இடையில் கம்பிவலை வைத்துப் பிரித்துவிடலாம். அந்த ஐந்துக்கும் மருந்து எதுவும் வேண்டாம்.

பல்புக்கு அடியில் வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் பல்பை உயர்த்துங்கள். சூடு சரியாக இருந்தும் கழுத்தை நீட்டித் திணறினாலோ, இரண்டு மணி நேரச் சூட்டுக்குப் பிறகும் நிற்க முடியாவிட்டாலோ, இன்னொரு குஞ்சும் படுத்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். அதற்குள் இறந்துவிட்டால் புதைக்க வேண்டாம். பையில் கட்டி ஐஸ் வைத்து எடுத்துச் செல்லுங்கள். உறைய வைத்தால் அறுத்துப் பார்த்துப் பயனில்லாமல் போகலாம்.