எகானமி டிக்கெட்டுடன் லவுஞ்சுக்குள் போவது பகட்டா?

எகானமி வகுப்பில் கனடாவுக்குப் போகப் போகிறீர்கள், வங்கி அட்டையில் விமான நிலைய லவுஞ்சுக்கு, அதாவது சாப்பாடும் குளியலறையும் சாய்வு நாற்காலியும் உள்ள தனி ஓய்வுக்கூடத்துக்கு, அனுமதி இருக்கிறது, அதனால் உண்மையில் ஏதும் பயன் உண்டா அல்லது வெறும் பகட்டுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு. ஆனால் எந்த விமான நிலையத்தில் அது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ இருந்து புறப்படுபவருக்கும் மலையகத்திலிருந்து புறப்படுபவருக்கும் பயணம் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. எங்கள் வீடு டிக்கோயாப் பக்கம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக வளைந்து வளைந்து இறங்கிக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்தக் கணக்கும் செல்லாது. அதனால் அதிகாலை விமானத்துக்கு முதல் நாள் நண்பகலிலேயே வேன் ஏறிவிடுவதுதான் எங்கள் வழக்கம். கொழும்புக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரும் நேரத்தில், நாங்கள் வியர்த்த உடையோடு ஏற்கெனவே அரை நாளைக் கழித்திருப்போம்.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை டொராண்டோவுக்கு அழைத்துப்போனபோது இதை நன்றாக உணர்ந்தேன். அம்மா சிறுவயதிலிருந்தே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டிருப்பதால் நீண்ட பயணத்தில் இறுக்கமான காலுறை போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வளைகுடா நாடொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அங்கே நீண்ட காத்திருப்பு, அதன் பிறகு டொராண்டோவுக்குப் பதினான்கு மணி நேரம் என்று பயணம் அமைந்திருந்தது. நாங்கள் கட்டுநாயக்கவில் லவுஞ்சுக்குப் போகவில்லை. குடிவரவுப் பிரிவைத் தாண்டிய பிறகு மீதமிருந்த நேரம் குறைவு. வாயிலருகே மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை வேறு இருக்கிறது. கையிலிருந்த அனுமதியை இடைத்தரிப்புக்கு வைத்துக்கொண்டோம்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா விரதம். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை மூடி திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். "குளிக்காம எப்படிப்பா சாப்புடுறது, வெள்ளிக்கெழமையில?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. இடைத்தரிப்பில் லவுஞ்சின் குளியலறைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தோம். முறை வந்தபோது துப்புரவு செய்யும் பெண்ணொருவர் துவாலையோடு உள்ளே போய், சுடுநீருக்குக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். குளித்து வேறு சேலை கட்டி வெளியே வந்தவர், பழைய மாத்திரை டப்பாவிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு கிழக்கு எது என்று கேட்டார். கைப்பேசியின் திசைகாட்டியைப் பார்த்துச் சொன்னேன். அதன் பிறகுதான் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். காலுறையைக் கழற்றியபோது முழங்காலுக்குக் கீழே அதன் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. சாய்வு நாற்காலியில் காலை நீட்டி அவர் அயர்ந்து தூங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பகட்டு என்று பெயர் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உள்ளே போவதற்கு முன் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரின் அட்டையை வரவேற்பில் இருந்தவர் கருவியில் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார். எங்கள் முறை வந்ததும் அட்டையில் உள்ள பெயரையும் போர்டிங் பாஸில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்; அம்மாவிடம் எங்கே போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார்; இது வாயிலுக்குக் காத்திருக்கும் இடம் அல்ல என்றும் விளக்கினார். அட்டையில் என் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்தது, கடவுச்சீட்டில் முழுதாக இருந்தது. மேற்பார்வையாளர் வந்து பார்த்த பிறகே விட்டார்கள். பெயரை ஒப்பிடுவது விதி என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விதி எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது எங்களுக்கு எப்படிப்பட்ட விடயம் என்பதை மற்றவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

தேயிலைத் தோட்டத்து மக்கள் நாட்சம்பளத்துக்குப் போராடும்போது உனக்கு லவுஞ்ச் தேவையா என்று சிலர் எழுதக்கூடும். நியாயமான கேள்வி. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது; பல லவுஞ்சுகளில் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 30 அமெரிக்க டொலருக்கு மேல் என்பதால், அந்தச் சம்பளக் கணக்கில் அது ஒரு கொழுந்துப் பெண்ணின் ஏறக்குறைய ஒரு வார உழைப்புக்குச் சமம். சாப்பாட்டுக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கையிலிருந்து கொடுக்காதீர்கள், வீட்டிலிருந்து இடியப்பம் கட்டிக்கொண்டு போகலாம். அட்டையோடு கிடைக்கும் அனுமதியை வீணாக்குவதில் மட்டும் எந்தப் பெருமையும் இல்லை.

எகானமியில் பறப்பவருக்கு அனுமதி கிடைக்கும் வழிகள் சில. விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணியொன்றில் உயர்நிலை உறுப்பினராக இருந்தால் டிக்கெட் எந்த வகுப்பானாலும் நுழையலாம். ஸ்ரீலங்கன் 2014 இல் சேர்ந்த ஒன்வேர்ல்டில் சஃபையர், எமரால்ட் நிலைகளுக்கும், ஸ்டார் அலையன்ஸில் கோல்ட் நிலைக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் அடிக்கடி பறப்பவர்களுக்குத்தான் அது எட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வங்கி அட்டையோ பிரயாரிட்டி பாஸ் போன்ற உறுப்புரிமையோதான் வழி. அதில் ஆண்டுக்கு எத்தனை நுழைவு, உடன் வருபவருக்குத் தனிக்கட்டணமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் மூன்று மணி நேரம்தான் இருக்க விடுவார்கள். கூட்டம் நிரம்பிவிட்டால் செல்லுபடியான அட்டையையும் திருப்பி அனுப்பலாம். எனவே விமானத்திலிருந்து இறங்கியதும் கடைகளில் நிற்காமல் நேரே போய்க் குளியலறைக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். டோஹா வழியாகப் போகிறீர்கள் என்றால் அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கட்டணமில்லாத அமைதி அறைகள் இருக்கின்றன. சாய்ந்து படுக்க மட்டும் இடம் வேண்டுமானால் அதுவே போதும்.

இன்னொன்று, லவுஞ்சில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. நுவரெலியா நகரம் 6,000 அடிக்குச் சற்று மேலே இருப்பதால் உயரம் நமக்குப் புதிதல்ல, ஆனால் நுவரெலியாவின் ஈரக்காற்று அங்கே கிடையாது. தொண்டை வறண்டுவிடும்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் இருந்தால் இன்றே வங்கிக்குப் போய், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் பொறித்த அட்டை தரச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில் பெயர்கள் எழுதியவரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் வெறும் எழுத்து. நான் திரும்பி வந்ததும் அட்டையை மாற்றிக்கொண்டேன். வங்கியில் இதற்குக் கடவுச்சீட்டின் பிரதியும் ஒரு விண்ணப்பமும் மட்டுமே கேட்டார்கள்.