18 மாதத்தில் முனைவரா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மூன்று வயதுப் பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பிடிவாதத்துக்கு வைத்தியம் கேட்டுக் கடிதங்கள் வரும் என்று பார்த்தால், வந்தவற்றில் பாதி வேறு விஷயம்: "நானும் இந்தச் சைக்காலஜியைப் படிக்க வேண்டும், அதுவும் வீட்டிலிருந்தே, டாக்டர் பட்டம் வரைக்கும்." சரி, இந்த முறை பிடிவாதத்துக்கு விடுமுறை.

எனக்கு 38 வயது. பெரம்பூரில் ஒரு மழலையர் பள்ளியில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன், 58 சதவீதம். மாமியார் படுத்த படுக்கையாக இருப்பதால் தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது நடக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வளர்ச்சி உளவியலில் பிஎச்.டி., முழுக்க ஆன்லைன், 18 மாதம் என்று விளம்பரம் பார்த்துப் போன் செய்தேன். இந்த வாரமே சேர்ந்தால் 40 ஆயிரம் தள்ளுபடியாம். சேரலாமா மேடம்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

சேராதீர்கள். தள்ளுபடி என்ற சொல் வந்த இடத்திலேயே போனை வைத்திருக்கலாம், பட்டம் என்ன ஆடி மாதப் புடவையா?

விஷயம் இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022 நவம்பரில் பிஎச்.டி.க்கான புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி நம் நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது. குறைந்தபட்சக் காலம் 3 வருடம், அதில் கோர்ஸ் ஒர்க்கும், அதாவது ஆய்வுக்கு முன் வகுப்பில் படிக்கும் பாடங்களும், அடக்கம். அப்படி இருக்க 18 மாதம் என்பவரிடம் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? "இது வெளிநாட்டுப் பட்டம், இந்திய விதி பொருந்தாது" என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. அதே வருடம் அக்டோபர் கடைசியில் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்தே ஓர் எச்சரிக்கை விட்டன: கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டி. இங்கே செல்லாது, விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று. என்னிடம் எம்.ஏ. படித்த ஒரு பெண் இதெல்லாம் தெரியாமல் நகையை வைத்துப் பணம் கட்டினாள். இரண்டு வருடத்தில் தங்க எழுத்து போட்ட சான்றிதழ் வந்தது. ஒரு கல்லூரி நேர்முகத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு "எம்.ஏ. மார்க் எவ்வளவு?" என்று கேட்டாராம். அந்த நகை இன்னும் மீண்டு வரவில்லை.

இப்போது உங்களுக்கு நிஜமாகவே உதவக்கூடிய சொல்லுக்கு வருவோம், அது பார்ட் டைம். ஆன்லைன் கூடாது என்று சொன்ன அதே விதிகள் பகுதி நேர பிஎச்.டி.யை அனுமதிக்கின்றன, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வேலை பார்க்கிறவர்கள் தாங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வாங்கித் தர வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக விடுவிப்போம் என்று. உங்கள் பள்ளி நிர்வாகியிடம் இன்றைக்கே பேச்சை ஆரம்பியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு தாளுக்காக ஒரு வருடம் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். முதுகலையில் 55 சதவீதம் கேட்பார்கள், உங்களிடம் 58 இருக்கிறது. அஞ்சல் வழியில் படித்ததும் பிரச்னை இல்லை, யு.ஜி.சி. அங்கீகாரத்தோடு நடந்த படிப்பாக இருந்தால் போதும். வயதா? பிஎச்.டி. சேர வயது வரம்பு கிடையாது. உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப்.புக்குத்தான் வரம்பு, அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது, அதை நினைத்து வருந்தப் பயனில்லை.

காலத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். சேர்ந்த நாளிலிருந்து 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2, ஆக 10 வருடம் வரை இழுக்கலாம். இழுக்கச் சொல்லவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு டேட்டா கலெக்ஷனா என்று நீங்கள் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டாலும் பதிவு போய்விடாது, அதற்காகச் சொல்கிறேன்.

நுழைவுக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். 2024 ஜூன் முதல் அதை பிஎச்.டி. சேர்க்கைக்கும் கணக்கில் எடுக்கிறார்கள், 'பிஎச்.டி.க்கு மட்டும்' என்றே தனியாக ஒரு தகுதிப் பிரிவும் உண்டு. அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். அதை வைத்துச் சேரும்போது தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று எடை போடுவார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்பதை அந்த வருடத்து அறிவிப்பில் பாருங்கள், ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இதெல்லாம் காகித வேலை. உண்மையான வேலை கைடு பிடிப்பது. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. நல்ல கைடுகளிடம் இடம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அதனால் விண்ணப்பம் வெளியாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். பெரம்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல், நடந்து பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், இறங்கினால் சென்னைப் பல்கலைக்கழகம். போகும்போது "மேடம், நான் பிஎச்.டி. பண்ணணும்" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். 9 வருடம் குழந்தைகளோடு இருந்திருக்கிறீர்களே, ஏதாவது ஒன்று உங்களை உறுத்தியிருக்கும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை முதல் முழு வாக்கியத்தை எந்த மொழியில் சொல்கிறது? பாட்டி வளர்க்கும் குழந்தையும் காப்பகத்தில் வளரும் குழந்தையும் பள்ளி வாசலில் அம்மா கையை விடும்போது ஒரே மாதிரியா அழுகின்றன? இந்த மாதிரி ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கலாம். வீட்டை விட்டு நகராமல் முடிக்கிற படிப்பு அல்ல இது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளின் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றிய தன் கருத்துகளை உருவாக்கினார். தாய்–சேய் பிணைப்பை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் பார்த்தார். இன்றைக்குக் கேமரா வழியாகவே குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்யும் ஆய்வுகள் வந்துவிட்டன, உண்மைதான், ஆனால் அதைச் செய்கிறவர்களும் முதலில் நூறு குழந்தைகளை நேரில் பார்த்தவர்கள். அந்த விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தினமும் காலை 9 மணிக்கு மணியடிக்கிறார்கள்.

வளர்ச்சி உளவியல் என்பது குழந்தை உளவியலுக்கு இன்னொரு பெயர்தானே?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பாதி சரி. கருவில் இருப்பதிலிருந்து முதுமை வரை மனிதன் எப்படி மாறுகிறான் என்பதெல்லாம் இதற்குள் வரும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை உங்கள் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளை மூன்றாவது முறை மடித்து வைப்பாரே, அதுவும் வளர்ச்சி உளவியல்தான். நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள், அந்தக் குழந்தைகளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது.

இது ஏதோ மேலை நாட்டுச் சரக்கு என்று நினைத்தால் பிள்ளைத்தமிழை ஒரு தடவை புரட்டுங்கள். ஐந்தாம் மாதம் குழந்தை கையூன்றித் தலை தூக்கி ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டுவது சப்பாணி, அப்புறம் தளர்நடை போட்டு வரும்போது வருகை, நிலாவைக் கூப்பிடுகிற அம்புலி, மணல் வீட்டை வைத்துச் சண்டை போடும் சிற்றில். குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சிப் படிநிலை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக்க ஒத்துப்போகாது, பாடியவர்கள் கடவுளையும் அரசனையும்தான் குழந்தையாக்கிப் பாடினார்கள். இருந்தாலும் ஒரு குழந்தையைக்கூட உற்றுப் பார்க்காதவர் செங்கீரை பாடியிருக்க முடியாது.

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. எம்.ஏ. சைக்காலஜி கரஸில் முடித்தேன். இந்தியாவில் பேராசிரியர் ஆகும் எண்ணமே இல்லை, அமெரிக்காவில் கிரீன் கார்டோடு அக்கா இருக்கிறாள், நானும் போய்விடுவேன். அப்படியானால் அமெரிக்க ஆன்லைன் பிஎச்.டி. சரிதானே? ஏ.பி.ஏ. அங்கீகாரம் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

உங்கள் கணக்கு வேறு, அதனால் பதிலும் வேறு. அமெரிக்காவில் ஆன்லைன் முனைவர் படிப்பு சட்டப்படி நடப்பதுதான். வால்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி உளவியலிலேயே ஆன்லைன் பிஎச்.டி. இருக்கிறது. ஹையர் லேர்னிங் கமிஷன் என்ற அமைப்பின் அங்கீகாரம் அதற்கு உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த மாதிரி, நிறுவனம் முழுமைக்குமான அங்கீகாரத்தைத்தான்.

ஏ.பி.ஏ. விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் முனைவர் மட்டத்தில் கிளினிக்கல், கவுன்சலிங், பள்ளி உளவியல் போன்ற சிகிச்சை சார்ந்த படிப்புகளைத்தான் அங்கீகரிக்கிறது, வளர்ச்சி உளவியல் அதன் எல்லைக்குள்ளேயே வராது. ஆகவே ஏ.பி.ஏ. அங்கீகாரம் இல்லை என்பதற்காக ஒரு வளர்ச்சி உளவியல் படிப்பைத் தள்ள வேண்டாம், 'ஏ.பி.ஏ. அங்கீகரித்த வளர்ச்சி உளவியல் பிஎச்.டி.' என்று யாராவது விற்றால் ஓட்டம் பிடியுங்கள்.

ஆனால் பணம்? அங்கே வளாகத்தில் போய்ச் செய்யும் ஆய்வுப் படிப்புகளில் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் தருவார்கள், பதிலுக்கு நீங்கள் பாடம் எடுக்கவோ ஆய்வகத்தில் உழைக்கவோ வேண்டும். ஆன்லைனில் அது அரிது, டாலரில் நீங்கள்தான் கட்ட வேண்டும். எப்படியும் போகப் போகிறவர் போன பிறகு சேரலாமே? ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அவர்கள் நேரத்துக்கு ஆன்லைன் வகுப்பிலும் உட்கார்ந்தால் நீங்கள் எப்போது தூங்குவீர்கள்? முப்பது வயதில் மனம் திரும்பி இங்கேயே இருக்க நினைத்தால் அந்தப் பட்டம் இங்கே எதற்கு உதவும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்துக்கான பதிலைப் படித்துவிடுங்கள்.

மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். எம்.எஸ்சி. சைக்காலஜியை மட்டும் ஆன்லைனில் முடித்துவிட்டு, பிஎச்.டி.யை நேரில் படிக்கலாம் என்கிறாள். சரி வருமா?
– ஒரு தந்தை, ஆவடி

முன்பு சரி வந்தது, இப்போது வராது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021இல் வந்த சுகாதாரத் துணைத்தொழில்கள் சட்டத்துக்குள் இது வருவதால் இந்தத் தடை. ஏற்கெனவே சேர்ந்து படிப்பவர்கள் முடிக்கலாம். மகளுக்கு இன்னும் யாராவது சீட் இருக்கிறது என்று சொன்னால் முன்பணம் கட்டிவிடாதீர்கள். நேரில் படிக்க அனுப்புங்கள்.

வளர்ச்சி உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினால் அண்ணா நகரில் போர்டு மாட்டி ஆட்டிசம் குழந்தைகளைப் பார்க்கலாமா?

டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட தனிப் படிப்பு வேண்டும். பிஎச்.டி. என்பது ஆராய்ச்சிப் பட்டம், சிகிச்சைக்கான உரிமம் அல்ல. குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்வதுதான் ஆசை என்றால் முனைவர் பட்டத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான், ஒரு நாள் போய் அங்கே என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டு வாருங்கள். போர்டு அப்புறம்.

என் ஆய்வு 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா?
– பகுதி நேர ஆய்வாளர், தாம்பரம்

போதாது. பிள்ளையிடமும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.எம்.ஆரின், 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எளிய மொழியில் எழுத்திலும் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, அது வராமல் ஒரு கேள்வித்தாளைக்கூடக் கொடுக்காதீர்கள். "எனக்கு வேண்டாம் மிஸ்" என்று பிள்ளை சொன்னால் அவ்வளவுதான், அம்மா எத்தனை கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

தீசிஸ் எழுதித் தருகிறோம், சாஃப்ட்வேரில் மாட்டாது என்கிறார்கள். நேரம் இல்லாதவர்கள் கொடுத்தால் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம் என்றார்

பெயர் வேண்டாம் என்றபோதே தப்பு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கருத்துத் திருட்டுக்கு எதிரான யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு உங்கள் தீசிஸுக்கு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பம், 60 தாண்டினால் பதிவே ரத்து. அவர்கள் புதிதாகவே எழுதிக் கொடுத்து சாஃப்ட்வேரைத் தாண்டிவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். வைவாவில் என்ன செய்வீர்கள்? நான் தேர்வாளராகப் போன இடங்களில் முதல் கேள்வியாக எப்போதும் ஒன்றைத்தான் கேட்பேன்: "நீங்கள் பார்த்த குழந்தைகளில் உங்களுக்கு மறக்காத ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்." சொந்தமாகச் செய்தவரை நிறுத்த முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்.