44 வயதில் குணச்சித்திர நடிப்புக்கு வரலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 44. ஒரு கம்பெனியில் கணக்காளர் வேலை. 15 வருடமாகத் தமிழ்ச் சங்க மேடைகளில் நடித்து வருகிறேன். அப்பா, தலைமையாசிரியர், வட்டிக்கடைக்காரர் என்று எப்போதும் அதே மாதிரி வேஷம்தான் வரும். இங்கே ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேஷங்களாவது செய்ய ஆசை. இந்த வயதில் வரலாமா? வேலையை விட வேண்டியிருக்குமா? ஒரு ஏஜென்ட் பதிவுக்கும் ஃபோட்டோவுக்கும் சேர்த்து 600 பவுண்ட் கேட்கிறார், கொடுக்கலாமா? என் ஆங்கிலத்தில் ஊர் வாடை அடிக்கும். அது தடையா?

பதில்: வரலாம். வேலையை விடாதீர்கள். அந்த 600 பவுண்டைக் கொடுக்காதீர்கள். உச்சரிப்பு விஷயத்தைக் கடைசியில் பேசுவோம்.

நடிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்டது வயதைப் பற்றித்தான். கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஆர்தர் லோ என்ற ஆங்கில நடிகரின் கதையைச் சொல்வேன். உங்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் தொலைக்காட்சியில் அவர் முகம் நாடு முழுக்கத் தெரிய வந்தபோது அவருக்கு வயது 45.

லோ பிறந்தது 1915-இல், டார்பிஷையரில் ஹேஃபீல்ட் என்ற சின்ன ஊரில். வளர்ந்தது மான்செஸ்டரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களுக்குத் தனி ரயில் ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பில் இருந்தது. மகனுக்கோ கப்பலில் போக ஆசை. கண்பார்வை சரியில்லை என்பதால் அது நடக்கவில்லை. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அப்புறம் ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது மத்திய கிழக்கில் இருந்த நேரத்தில், சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகப் போட்ட நாடகங்களில் நடிக்கத் தொடங்கினார். சம்பளம் வாங்கி மேடையேறியது 1945-இல், மான்செஸ்டர் ரெப்பர்ட்டரி தியேட்டரில். அப்போதே முப்பது வயது. வாரத்துக்கு 5 பவுண்ட், ஒரே மாலையில் இரண்டு காட்சி.

ரெப்பர்ட்டரி என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே குழு, ஆனால் நாடகம் அடிக்கடி மாறும். பல இடங்களில் வாரம் ஒரு நாடகம். இந்த வார நாடகத்தை மாலையில் நடிப்பார்கள், அடுத்த வார நாடகத்துக்குக் காலையில் ஒத்திகை, ராத்திரி அறைக்குப் போய் வசனம் மனப்பாடம். இந்த வாரம் போலீஸ்காரர், அடுத்த வாரம் பாதிரியார், அதற்கடுத்த வாரம் பெண்ணைக் கட்டிக்கொடுக்க மறுக்கும் மாமனார். கதாநாயகன் வேஷம் யாருக்குப் போனாலும் மீதி எல்லா வேஷத்துக்கும் ஆள் வேண்டும். குட்டை உருவம், வழுக்கை விழும் தலை, உருண்டை முகம் என்று இருந்த லோவுக்கு அந்த மீதி வேஷங்கள்தான் வந்தன. 1945 முதல் 1960 வரை அவர் அதிகம் செய்தது மேடை, ரேடியோ, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் துண்டு வேஷங்கள்.

அதில் ஒன்றை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1949-இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரனெட்ஸ்' படத்தின் கடைசி நிமிடங்கள். கதாநாயகன் தூக்குத்தண்டனையிலிருந்து தப்பிச் சிறை வாசலுக்கு வெளியே வருகிறான். ஒரு பத்திரிகைக்காரர் அவனருகே வந்து, உங்கள் நினைவுக் குறிப்புகளை எங்கள் பத்திரிகையில் வெளியிட அனுமதி வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறார். அந்தப் பத்திரிகைக்காரர்தான் லோ. அவன் செய்த கொலைகளையெல்லாம் எழுதிவைத்த காகிதக் கட்டு உள்ளே அறையிலேயே கிடக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. படத்தின் முடிவே அந்தக் கேள்வியில் நிற்கிறது. லோ அதைச் சொல்லும்போது பாருங்கள், தனக்கு ஒரு பெரிய தருணம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு முகத்தில் துளிகூட இருக்காது. ஆபீஸ் அனுப்பிய வேலையை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டிய ஆள் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்கிறார், அவ்வளவுதான். சங்க நாடகங்களில் நம்மவர்கள் சறுக்கும் இடம் இது. இரண்டு வரி கிடைத்தால் அதற்குள் இருக்கிற திறமையை எல்லாம் கொட்டிவிடுவோம்.

1960 டிசம்பரில் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. லியனர்ட் ஸ்விண்ட்லி என்ற துணிக்கடை மேலாளராக வந்தார் லோ. மதுவைத் தொடாத, சபையில் பிரசங்கம் செய்கிற, தன் அந்தஸ்தைப் பற்றித் தானே ரொம்ப உயர்வாக நினைக்கிற ஆள். 1965 வரை அந்த வேஷத்தில் இருந்தார். மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனதால் ஸ்விண்ட்லியை மட்டும் பிரித்தெடுத்து 'பார்டன் தி எக்ஸ்பிரஷன்' என்று தனித் தொடரே எடுத்தார்கள். அப்புறம் 1968-இல், 52 வயதில், பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடர். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதியது. போர்க்காலத்தில் ஒரு கடற்கரை ஊரின் வங்கி மேலாளர், ஊர்க்காவல் படைக்குத் தானே கேப்டன் ஆகிவிடுகிறார். அந்தக் கேப்டன் மானரிங் வேஷம் முதலில் லோவுக்கு வரவே இல்லை. தோர்லி வால்டர்ஸ், ஜான் பெர்ட்வீ ஆகியோரைக் கேட்ட பிறகுதான் அவரிடம் வந்தது. 1977 வரை 80 பகுதிகள் ஓடியது.

மானரிங்கின் மனைவி எலிசபெத்தைத் தொடர் முழுக்க நாம் பார்க்கவே மாட்டோம். ஒரு காட்சியில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடத்தில் படுத்திருக்கிறார்கள். அடுக்குக் கட்டில். கீழ்த் தட்டில் மானரிங், மேல் தட்டில் மனைவி. மேல் தட்டின் துணி அவர் மூக்குக்குச் சில அங்குலம் வரை பெரிதாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. லோ அதைக் கண்ணை உயர்த்திப் பார்க்கிறார். முகத்தைச் சுளிப்பதில்லை, பெருமூச்சுகூடக் கிடையாது. பல வருடம் பழகிப்போன ஒன்றைப் பார்க்கிற பார்வை அது. அந்த ஒரு பார்வையில் ஒரு கல்யாணத்தின் முழு வரலாறும் தெரிந்துவிடுகிறது. இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன்.

அவருக்குக் கீழே சார்ஜன்ட் வில்சனாக நடித்தவர் ஜான் லெ மெசூரியர். கதையில் கேப்டன் சாதாரணக் குடும்பத்திலிருந்து முன்னேறியவர், சார்ஜன்ட் வசதியான வீட்டுப் பிள்ளை. நிஜப் போரில் லெ மெசூரியர் கேப்டனாக இருந்தவர், லோ சார்ஜன்ட் மேஜர். இருவரும் கண்ணால் பார்த்த உலகத்தைத்தான் இடம் மாற்றி நடித்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா, தலைமையாசிரியர், வட்டிக்கடைக்காரர் வேஷம்தான் வருகிறது என்று கொஞ்சம் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் மூலதனம். லோவுக்கும் துணிக்கடை மேலாளர், வங்கி மேலாளர் என்று ஒரே வகை மனிதர்தான் பெயர் வாங்கிக் கொடுத்தார். அதிகாரம் கொஞ்சம், மானம் அதிகம் என்று வாழ்கிற மனிதரை அவர் அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஓர் அலுவலகம் எப்படி மூச்சுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். நாடகப் பள்ளியிலிருந்து வரும் 22 வயதுப் பையனுக்கு அது தெரியாது.

உங்களிடம் குறைவாக இருப்பது மேடையேறிய நாட்களின் எண்ணிக்கை. சங்க நாடகம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். பழைய ரெப்பர்ட்டரி முறை இப்போது அநேகமாக இல்லை, ஆனால் உங்கள் பக்கத்திலேயே ஈலிங்கில் குவெஸ்டர்ஸ் தியேட்டர் இருக்கிறது. 1929-இல் தொடங்கிய அமெச்சூர் குழு, வருடம் முழுக்க நாடகம் போடுகிறார்கள். அங்கே சேருங்கள், கிடைக்கிற வேஷத்தை வாங்குங்கள். 'சிட்டி லிட்' என்ற லண்டன் முதியோர் கல்விக் கல்லூரியில் மாலை வகுப்புகள் உண்டு, கேமரா முன்னால் நடிப்பதற்கென்றே தனி வகுப்பும் பாருங்கள். மேடைக்குரல் கேமராவுக்கு முன்னால் சத்தமாகிவிடும். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் அப்பாவாகவும் அதிகாரியாகவும் நடிக்க நடுத்தர வயது ஆட்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. பணம் பெரிதாக வராது. ஆனால் நான்கைந்து செய்தால் உங்கள் நடிப்பைக் காட்ட நல்ல துண்டுகள் சேரும்.

ஸ்பாட்லைட் என்ற நடிகர் பட்டியல் 1927 முதல் இருக்கிறது. வேஷத்துக்கு ஆள் தேர்வு செய்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சேர வேண்டுமானால் முறையான பயிற்சியோ தொழில்முறையில் நடித்த அனுபவமோ காட்ட வேண்டும். எனவே அது இரண்டாம் வருட வேலை. கூட்டத்தில் நிற்கிற எக்ஸ்ட்ரா வேலைக்கு இடையில் போகலாமா என்று கேட்பீர்கள். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க இரண்டு மூன்று முறை போங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த வரிசையிலிருந்து வசனம் பேசும் வரிசைக்குப் பெரும்பாலும் வழி கிடையாது.

வேலை விஷயம். ஒரு சின்ன வேஷத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படப்பிடிப்பு இருக்கும். எந்த நாள் என்பது சில சமயம் முந்தின வாரம்தான் தெரியும். தேர்வு இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்புவதுதான், ராத்திரி பத்து மணிக்குக்கூட முடித்துவிடலாம். சம்பளத்தோடு எடுக்கும் விடுமுறை நாட்களைச் சேர்த்து வையுங்கள், மேலதிகாரியிடம் ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். வீட்டு வாடகையைப் பற்றிய பயம் கண்ணில் தெரிந்தால் கேமரா அதையும் பிடித்துவிடும். வேலையை விட வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏஜென்ட். வேலை தேடித் தருவதற்கென்று முன்பணம் வாங்க இங்கே சட்டம் இடம் தருவதில்லை. நீங்கள் சம்பாதித்த பிறகு அதிலிருந்து கமிஷன் எடுப்பதுதான் முறை, வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் வரை. பட்டியலில் பெயர் போடக் கட்டணம் கேட்பது தனி விஷயம், அதற்கும் மனம் மாறினால் விலகிக்கொள்ள உங்களுக்கு அவகாசம் தர வேண்டும். எங்கள் ஃபோட்டோகிராஃபரிடமே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நடிகர் சங்கமான ஈக்விட்டியைக் கேளுங்கள்.

லோவைப் பார்த்துக் கற்கக் கூடாத ஒன்றும் உண்டு. அவர் ஸ்கிரிப்டை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். வசனம் தடுமாறும். டேவிட் கிராஃப்ட் இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாராம். கதாநாயகருக்கு அது செல்லும். ஒரு நாள் வேஷத்துக்குப் போகிற நீங்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் வசனம் சொல்ல வேண்டும்.

கடைசியாக உச்சரிப்பு. 1973-இல் வந்த 'ஓ லக்கி மேன்!' படத்தில் லோ மூன்று வேஷம் போட்டார், அதற்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட அமைப்பின் சிறந்த துணை நடிகர் விருதும் கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்றுக்கு முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆப்பிரிக்கத் தலைவராக வந்தார். நான் நேசிக்கும் நடிகர்தான், ஆனாலும் அந்தக் காட்சியை என்னால் சங்கடமில்லாமல் பார்க்க முடியாது. இன்று அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு தமிழ் மருந்துக்கடைக்காரரோ கணக்காளரோ கதையில் இருந்தால் அதற்கு உங்களைப் போன்றவரைத் தேடுவார்கள், ஊர் வாடையோடுதான் தேடுவார்கள். அதை அழிக்காதீர்கள். சொல் முடியும் இடத்தில் எழுத்துகளை விழுங்காமல் பேசப் பழகுங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை இறக்கிவிடாதீர்கள். கூடவே, வடக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவர் பேசுகிற ஆங்கிலத்தையும் குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கேட்ட பணத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவழிக்கலாம். முதல் வீடியோவை உங்கள் சொந்த உச்சரிப்பில் எடுங்கள். ஒன்றரை நிமிடம், வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், எதிர்வசனம் சொல்ல வீட்டில் ஒருவரைக் கேமராவை ஒட்டி உட்கார வையுங்கள்.