எல்லைக்கோட்டருகே: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கிராமத்து கிரிக்கெட் கிளப்பில் பதினாறு வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் இருக்கிறான். இந்த சீசனில் அதிக விக்கெட் அவனுக்குத்தான். ஆண்டுக் கூட்டத்தில் அவனைக் கொண்டாட விரும்புகிறோம். ஆள் உயரக் கோப்பையும் ‘நாளைய தேசிய அணி வீரர்’ என்ற பேனரும் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. அவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்கிறது இன்னொரு தரப்பு. நீங்கள் எந்தப் பக்கம்?
— கிளப் செயலாளர் ஒருவர்

பதில்: கோப்பைக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆள் உயரத்துக்கு வாங்கினால் பையன் அதை வீட்டில் எங்கே வைப்பான்? பேனர் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் கிளிஃப்டன் கல்லூரி என்ற பள்ளியில், 1899இல் ஏ. இ. ஜே. காலின்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் ஆட்டமிழக்காமல் 628 ரன் குவித்தான். அந்தச் சாதனை 2016 வரை அசையவில்லை. வளர்ந்தபின் அவன் ராணுவத்தில் சேர்ந்தான், முதல்தரப் போட்டி ஒன்றுகூட ஆடவில்லை, 1914இல் போரில் உயிரிழந்தான். அதனால் 628இல் ஒரு ரன் குறைந்துவிட்டதா? இந்த சீசனில் பையன் செய்து காட்டியதைப் பாராட்டுங்கள். இனிமேல் ஆகப்போவதற்கெல்லாம் இப்போதே மாலை போட்டுவிட்டால், அப்படி ஆகாத ஒவ்வொரு வருடமும் ஊர் அவனைக் கடன்காரனைப் போலப் பார்க்கும்.

கோப்பையைவிட உயர்ந்த பொருள் உங்கள் கிளப் பெட்டியிலேயே கிடக்கிறது. ஸ்கோர் புத்தகத்தைச் சொல்கிறேன். நான் நெடுங்காலம் ஸ்கோர் எழுதியவன், எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். அவன் பிரமாதமாகப் பந்து வீசிய நாளின் பக்கத்தைத் தேடி எடுங்கள். ரன் போகாத பந்துக்கு ஒரு புள்ளி வைப்போம். மெய்டன் ஓவர், அதாவது ஒரு ரன்னும் கொடுக்காத ஓவர் என்றால், மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் நிற்கும் புள்ளிகளைக் கோடிட்டு இணைத்து ‘எம்’ எழுத்தாக்குவோம். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் மாற்றி இணைத்து ‘டபிள்யூ’ ஆக்குவோம். வெயிலில் வியர்த்து ஒட்டும் தாளில், பென்சிலை அழுத்தி அந்த டபிள்யூவைப் போடுகிற சுகம் ஸ்கோரருக்குத்தான் தெரியும். அப்படியொரு பக்கத்தை நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அணியினர் அனைவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

பேசுகிறவர் ‘திறமைசாலி, பணிவானவன்’ என்று அடுக்க வேண்டாம். அது யாருக்கும் பொருந்தும். எதிரணிக்குப் பத்து ரன்னே தேவைப்பட்டபோது பந்தைக் கேட்டு வாங்கினானா? மழை வந்ததும் ஆடுகளத்தை மூடத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு முதலில் ஓடினானா? அதைத் தேதியோடு சொல்லச் சொல்லுங்கள்.

உறுப்பினர்களிடம் வசூல் செய்யலாமா என்ற கூச்சம் வேண்டாம். 1858இல் ஷெஃபீல்டில் எச். எச். ஸ்டீபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் வீழ்த்தியபோது, பணம் திரட்டித்தான் அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

கேள்வி: என் மகனை ஊரே கொண்டாடுகிறது, சந்தோஷம்தான். ஆனால் கேப்டன் அவனையே திரும்பத் திரும்பப் பந்து வீச அழைக்கிறார். இரவில் இடுப்பு வலிக்கிறது என்கிறான். கேட்டால் கேப்டன் கோபித்துக்கொள்வாரோ?
— ஒரு தாய்

பதில்: கோபித்துக்கொள்ளட்டும் அம்மா. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை அவன் பந்தைத் தொட வேண்டாம். வளரும் வயதில் வேகமாக வீசுகிறவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு வருவது அபூர்வமல்ல. எலும்பு முற்றி உறுதிப்படும் முன்பே, ஒவ்வொரு பந்துக்கும் முதுகு வளைந்து திரும்புகிறது. எல்லா வசதியும் சூழ இருக்கும் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கே 2023இல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு, தொடர்ச்சியாக எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் என்று வயதுவாரியாக வரம்பு வகுத்திருக்கிறது. எத்தனை ஓவர் வீசினானோ, அதே முனையில் குறைந்தது அத்தனை ஓவராவது கடந்த பிறகுதான் மறுபடி பந்து கையில் வரும். உங்கள் கேப்டனும் அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ‘அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது’ என்று அவர் சொன்னால், தோற்றுப்போகச் சொல்லுங்கள். கிராமத்து ஆட்டத்தில் தோற்றவர்களை யாரும் நாடு கடத்துவதில்லை.

கேள்வி: கிளப்பில் எனக்குப் பரிசு தரப் போகிறார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். கடைசி ஓவர் வீசுவதைவிட இதுதான் பயமாக இருக்கிறது.
— பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, இரண்டு வார்த்தை என்றால் இரண்டு நிமிடம். எழுதி வைத்து வாசி, தவறில்லை. உன் பந்தில் கேட்ச் பிடித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல். ஸ்கோர் புத்தகத்தில்கூடக் கேட்ச் பிடித்தவர் பெயர்தான் முதலில் வரும், வீசியவர் பெயர் பிறகுதான். உன்னை முதலில் வலைப்பயிற்சிக்கு அழைத்தவர் யாரோ, அவரைச் சொல். வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் ஐ.பி.எல். சட்டையின் முதுகில் தன்னை வளர்த்துவிட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணனின் ‘ஜே.பி.’ என்ற எழுத்துகளைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஆடினாரே, உனக்குச் சட்டையெல்லாம் வேண்டாம், வாய்ச்சொல் போதும். நேரம் மிச்சமிருந்தால் ஸ்கோர் எழுதுகிறவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடு. அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.