ஹவுஸ்மன்: கவிஞரும் பதிப்பாசிரியரும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் ஏ. இ. ஹவுஸ்மனின் 'எ ஷ்ராப்ஷயர் லேட்' எனக்கு மிகப் பிடித்த கவிதை நூல். அவர் வாழ்க்கையைப் பற்றி இப்போதுதான் படித்தேன். இவ்வளவு நல்ல கவிஞர், மணிலியஸ் என்பவரின் லத்தீன் ஜோதிட நூலைப் பதிப்பிக்க 1903 முதல் 1930 வரை செலவழித்திருக்கிறார். அந்த நேரத்தில் கவிதை எழுதியிருக்கலாமே?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தன் கவிதைகள் எப்படிப் பிறந்தன என்று 1933ல் கேம்பிரிட்ஜ் உரையொன்றில் அவரே சொல்கிறார். மதியம் ஒரு பீர் குடித்துவிட்டு நடக்கப் போவார். ஓரிரு வரிகள், சில சமயம் ஒரு முழுப் பத்தி, தானாக மனதுக்குள் வரும். 'ஷ்ராப்ஷயர் லேட்'டின் கடைசிக் கவிதையில் இரண்டு பத்திகள் அப்படி நடக்கும்போதே வந்தன, மூன்றாவது கொஞ்சம் முயன்றபின் வந்தது. நான்காவதைப் பதின்மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. சரியாக அமைய ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. உட்கார்ந்து எழுதினால் கவிதை வராது என்று தெரிந்த மனிதர் அவர்.

உட்கார்ந்து செய்ய அவருக்கு இருந்தது மூலபாட ஆராய்ச்சிதான், அதாவது பிழைபட்ட பழைய பிரதிகளிலிருந்து ஆசிரியர் எழுதிய மூலத்தை மீட்கும் வேலை. 1881ல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தோற்றார். அப்புறம் பத்து வருடம் லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்ததும் பிரிட்டிஷ் மியூசியத்தில் போய்ப் படிப்பார். அப்படி எழுதிய கட்டுரைகளின் பலத்தில் 1892ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அவரை லத்தீன் பேராசிரியராக்கியது. விண்ணப்பத்தில் தன் தேர்வுத் தோல்வியையும் எழுதியிருந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஜோதிடத்தைக் கவிதையாக எழுதிய மணிலியஸ் பெரிய கவிஞர் என்று ஹவுஸ்மனே நினைக்கவில்லை. ஆனால் கையால் படியெடுத்தவர்களிடம் நூல் மிகவும் சிதைந்திருந்தது. ஸ்காலிஜர், பென்ட்லி போன்ற பழைய லத்தீன் மேதைகள் திருத்த முயன்ற நூல் அது. ஒரு வரியைச் சரிசெய்ய லத்தீன் யாப்பு தெரிய வேண்டும், பழைய ஜோதிடக் கணக்கு தெரிய வேண்டும், படியெடுப்பவரின் கை எங்கே தடுமாறும் என்றும் தெரிய வேண்டும். இதற்குப் பொது விதி கிடையாது என்பார் ஹவுஸ்மன். மூலபாட ஆய்வாளர் கோள்களை ஆராயும் நியூட்டனைப் போன்றவர் அல்ல, தெள்ளுப்பூச்சி தேடும் நாயைப் போன்றவர். ஒவ்வொரு பூச்சியையும் தனியாகத்தான் பிடிக்க வேண்டும் என்று 1921ல் ஓர் உரையில் சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1903ல் வந்த முதல் தொகுதியை ஒரு லத்தீன் கவிதையோடு மோசஸ் ஜாக்சனுக்குச் சமர்ப்பித்தார். ஆக்ஸ்ஃபோர்டு அறைத்தோழர், ஹவுஸ்மன் வாழ்நாள் முழுக்க நேசித்தவர். ஜாக்சனால் அதே விதமாகத் திருப்பி நேசிக்க முடியவில்லை. 1887ல் கராச்சிக்குக் கல்லூரி முதல்வராகப் போய்விட்டார். இருவரும் சேர்ந்து நடந்து விண்மீன்கள் எழுவதைப் பார்த்த இரவை அந்தக் கவிதை நினைவுகூர்கிறது. நட்சத்திரங்களைப் பற்றிய நூலை அவருக்குக் கொடுப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. நீங்கள் வீண் என்று நினைக்கும் வேலைக்குள்ளும் அந்தக் கவிஞர்தான் இருக்கிறார்.

1922ல் கனடாவில் ஜாக்சன் சாகக் கிடந்தபோது, அவர் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று ஹவுஸ்மன் அவசரமாக முடித்து வெளியிட்ட கவிதைத் தொகுப்புதான் 'லாஸ்ட் போயம்ஸ்'. இதுவரை படிக்கவில்லை என்றால் அடுத்ததாக அதைப் படியுங்கள்.