பிறந்ததும் மூச்சுவிடத் திணறிய குழந்தையை ஏன் குளிர வைக்கிறார்கள்? பலன் உண்டா?

கேட்டால் கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் உண்டு. பிரசவத்தின்போது ஆக்சிஜன் தடைபட்டால் மூளைச் செல்கள் எல்லாமே அப்போதே சாவதில்லை. மூச்சு திரும்பியதும் மூளை கொஞ்சம் தேறும். பல மணி நேரம் கழித்து, இரண்டாவது அலையாகச் செல்கள் ஆற்றல் இழந்து மடியத் தொடங்கும். வலிப்பு வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த இடைவெளிதான் இரண்டாவது அலையைக் குளிரால் தணிக்கும் வாய்ப்பு: பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸை ஒட்டி 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்புறம் மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள், அவசரப்படவே கூடாது.

2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறப்பு அல்லது ஊனம் 62 சதவீதத்திலிருந்து 44 ஆகக் குறைந்தது. பெரிய வித்தியாசம்தான், ஆனாலும் அற்புத சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்து 2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, மற்றவற்றில் 31. அங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சரி, இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தை எப்படி இருக்கும் என்று எப்போது தெரியும்? முதல் இரண்டு வாரத்துக்குள் எடுக்கும் மூளை எம்ஆர்ஐ ஸ்கேன் ஓரளவு சொல்லும். வளர்ச்சியை வைத்து உறுதியாகப் பேச பொதுவாக 18 மாதமாவது ஆக வேண்டும்.